மறுகால் பாயும் மீன்தொட்டி: கடல்மீன் தொட்டிக்குச் சம்ப் அமைப்பது எப்படி

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வரும் பிளம்பரிடம், “மீன்தொட்டிக்கு ஒரு சம்ப் வைக்கணும், பைப் வேலை இருக்கு” என்று முதன்முதலில் சொன்னபோது, அவர் முன்வாசலைக் கண்ணாலேயே அளந்துவிட்டு, “எத்தன அடி தோண்டணும் அண்ணாச்சி?” என்று கேட்டார். அவர்மேல் தப்பில்லை. நம் பக்கம் சம்ப் என்றால் வாசலுக்கடியில் குடிதண்ணீர் பிடித்துவைக்கும் தொட்டிதான். கடல்மீன் வளர்ப்பவர்கள் சொல்லும் சம்ப் வேறு. அது மீன்தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டுக்குள் மறைந்திருக்கும் இன்னொரு கண்ணாடித் தொட்டி. மேல்தொட்டித் தண்ணீர் தானாக வழிந்து அதில் இறங்கும். அங்கிருந்து ஒரு பம்ப் அதைத் திரும்ப மேலே ஏற்றும். ராப்பகலாக இதே சுற்றுதான்.

எதற்கு இந்த வேலை? நன்னீர் மீனுக்கு ஒரு பில்டரைத் தொட்டிக்குள் தொங்கவிட்டால் காரியம் முடிந்தது. கடல்மீனுக்கு, கழிவை நுரையாக்கி ஒரு கப்பில் பிரிக்கும் ஸ்கிம்மர் வேண்டும், கூடவே வேறு சில சாமான்களும் வேண்டும். எல்லாவற்றையும் மீன் நீந்தும் இடத்திலேயே அடைத்தால் பார்க்க மோட்டார் ரிப்பேர் கடைபோல் இருக்கும். சம்ப் வைத்தால் அத்தனையும் கீழே போய்விடும். மொத்தத் தண்ணீரின் அளவும் கூடும். தண்ணீர் கூடினால் வெப்பம், உப்பு எதுவும் சட்டென்று மாறாது. கடல் உயிர்களுக்கு வேண்டியது அந்த நிதானம்தான். இன்னொரு நன்மையைப் பலர் கவனிப்பதில்லை. தண்ணீர் வழிந்து இறங்கும்போது மேற்பரப்பில் ஆடைபோல் படியும் எண்ணெய்ப் பசை முதலில் இறங்கிவிடும். அதனால் காற்று தண்ணீரில் நன்றாகக் கலக்கும்.

ஆனால் 2 அடித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சம்ப் சொல்லமாட்டேன். 100 லிட்டருக்குக் கீழே என்றால் வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றியே சமாளித்துவிடலாம்.

சம்ப் வேலை செய்யும் விதம் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு குளம் நிரம்பினால் மறுகால் பாயும். அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் குளத்தின் மட்டம் மறுகால் உயரத்தைத் தாண்டி அதிகம் ஏறாது. வருவது வழிந்து போய்க்கொண்டே இருக்கும். மீன்தொட்டியிலும் அப்படித்தான். தொட்டியின் ஓரத்தில் ஒரு தடுப்பு இருக்கும். அதன் விளிம்புதான் மறுகால். அதைத் தாண்டும் தண்ணீர் மட்டும் குழாய் வழியாகச் சம்புக்கு இறங்கும். ஆகவே மேல்தொட்டி மட்டத்தை முடிவு செய்வது விளிம்பு, பம்ப் அல்ல. பெரிய பம்ப் போட்டால் மேல்தொட்டி நிரம்பி வழியும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இறங்கு குழாய் அடைபடாதவரை, அதன் கொள்ளளவுக்கு மேல் பம்ப் தள்ளாதவரை அது நடக்காது.

குளத்துக்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம். கீழ்க்குளத்துத் தண்ணீர் மேலே திரும்புவதில்லை. இங்கே திரும்பியாக வேண்டும், அதற்குக் கரண்ட் வேண்டும். சம்ப் விஷயத்தில் பாதிக் கஷ்டம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கடையில் ஓடிக்கொண்டிருக்கும் சம்பைப் பார்த்து அளவை முடிவு செய்யாதீர்கள். கரண்ட் போனால் அது எப்படி இருக்கும் என்று கேளுங்கள்.

கரண்ட் போனதும் என்ன நடக்கும்? பம்ப் நிற்கும். விளிம்புக்கு மேலே படர்ந்திருந்த கொஞ்சம் தண்ணீர் சம்புக்கு இறங்கும். தடுப்புப் பெட்டிக்குள்ளும் குழாய்களிலும் நிற்பதும் இறங்கும். இதெல்லாம் சின்னக் கணக்கு. பெரிய கணக்கு வேறொன்று. பம்ப் தண்ணீரை மேலே கொண்டுவிடும் குழாயின் வாய், தண்ணீருக்குள் முங்கியிருக்கும். பம்ப் நின்றதும் அதே குழாய் தலைகீழாக வேலை செய்யும். டியூபை வாயால் உறிஞ்சிவிட்டு கேனிலிருந்து மண்ணெண்ணெய் இறக்குவோமே, அதே சைஃபன்தான். குழாய் வாய் காற்றைத் தொடும்வரை மேல்தொட்டித் தண்ணீர் கீழே வந்துகொண்டே இருக்கும்.

என் முதல் தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம். அதாவது 90-க்கு 45 சென்டிமீட்டர். ஒவ்வொரு சென்டிமீட்டர் மட்டமும் 4 லிட்டர். அழகாக இருக்கட்டும் என்று குழாய் வாயை 8 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்திருந்தேன். கரண்ட் போனால் 32 லிட்டர் கீழே வரும் என்று அர்த்தம். சம்பில் காலியாக இருந்த இடம் 18 லிட்டர். ஒரு ஆடி மாதக் காற்றில் நள்ளிரவு கரண்ட் போனது. காலையில் எழுந்து பார்த்தால் கூடத்தில் ஒரு குடம் உப்புத்தண்ணீர். பாயில் படுத்திருந்த மாமனார்தான் முதலில் கண்டுபிடித்தார். கழித்தல் கணக்கை முன்னாடியே போட்டிருந்தால் இரண்டு நிமிடம்.

சரி, அந்தக் கணக்கை இப்போது உங்கள் தொட்டிக்குப் போடுவோம். 4 அடித் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்: 120-க்கு 45-க்கு 45 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 243 லிட்டர். இதற்கு 90 நீளம், 38 அகலம், 40 உயரத்தில் ஒரு சம்ப் சரியாக இருக்கும். முழுசாக நிரப்பினால் 137 லிட்டர் பிடிக்கும், ஆனால் முழுசாக நிரப்பவே கூடாது. ஓடும்போது 22 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 75 லிட்டர். மேலே 18 சென்டிமீட்டர் காலி, அது 61 லிட்டர். இப்போது குழாய் வாய் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் மேலிருந்து 16 லிட்டர் வரும். தடுப்புப் பெட்டி, குழாய், ஸ்கிம்மர் எல்லாம் சேர்த்து இன்னொரு 8, 9 லிட்டர். ஆக 25. சம்பில் மட்டம் ஏழெட்டு சென்டிமீட்டர் ஏறி நின்றுவிடும். இன்னும் 10 சென்டிமீட்டர் பாக்கி. நிம்மதியாகத் தூங்கலாம்.

பொதுவாக மேல்தொட்டியில் மூன்றில் ஒரு பங்காவது சம்ப் இருக்கட்டும் என்பார்கள். நான் சொல்வது, ஸ்டாண்டுக்குள் எவ்வளவு பெரிசு நுழையுமோ அவ்வளவு. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒன்றே ஒன்று: ஸ்கிம்மரின் கப்பை மேலே தூக்கிக் கழற்ற இடம் விடுங்கள். அதை மறந்துவிட்டு, கப் கழுவ ஒவ்வொரு தடவையும் ஸ்கிம்மரையே வெளியே எடுக்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

சைஃபனைத் தடுக்க இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, ஒருவழி வால்வு. உப்பும் சுண்ணாம்புப் படிவும் ஏறினால் அதன் நாக்கு சரியாக மூடாது. வேண்டுமானால் போடுங்கள், அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். இன்னொன்று, ஏறுகுழாயில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே கீழே ஒரு சின்ன ஓட்டை. மட்டம் அந்த ஓட்டைக்கு இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். நல்ல வழிதான், ஆனால் பாசி அந்த ஓட்டையை அடைக்கும். மாதம் ஒருமுறை பல்குத்தும் குச்சியால் குத்திவிட வேண்டும். குழாய் வாயையே மட்டத்துக்குப் பக்கத்தில் வைப்பதுதான் மறதிக்காரர்களுக்கு ஏற்றது.

இனி சம்புக்குள்ளே. தடுப்புக் கண்ணாடிகளால் பிரித்த அறைகள்தான். மேலிருந்து வரும் தண்ணீர் முதல் அறையில் விழும். அங்கே ஒரு வடிகட்டும் பை அல்லது பஞ்சு. பையை மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை கழுவ வேண்டும், விட்டால் சிக்கிய குப்பை அங்கேயே அழுகும். அடுத்தது ஸ்கிம்மர் அறை. உவரி, மணப்பாடு கரையில் காற்றடிக்கும் நாளில் அலை ஒதுக்கும் நுரையைப் பார்த்திருப்பீர்கள். கடல்தண்ணீரில் கரைந்திருக்கும் கழிவு குமிழிகளில் ஒட்டிக்கொண்டு நுரையாகத் திரளும். ஸ்கிம்மர் அதே வேலையை ஒரு குழலுக்குள் செய்கிறது. பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழிகளை விட்டு, மேலே வரும் அழுக்கு நுரையைக் கப்பில் பிடிக்கும். இது ஒழுங்காக வேலை செய்ய, நிற்கும் தண்ணீரின் ஆழம் மாறாமல் இருக்க வேண்டும். சாதாரணமாக 15 முதல் 23 சென்டிமீட்டர் வரை கேட்பார்கள். பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்துத் தடுப்புக் கண்ணாடியின் உயரத்தை முடிவு செய்யுங்கள். சம்பைக் கட்டிவிட்டு ஸ்கிம்மர் தேடினால், கடைசியில் அதற்கடியில் ஓட்டுத்துண்டு வைத்து உயர்த்தத்தான் வேண்டியிருக்கும்.

அதற்கப்புறம் குமிழித் தடுப்பு. மூன்று கண்ணாடிகள், ஒன்றின்மேல் வழிந்து, அடுத்ததன் அடியில் நுழைந்து, மூன்றாவதன்மேல் மறுபடி வழிந்து தண்ணீர் போகும். இடைவெளி இரண்டரை சென்டிமீட்டர் போதும். இந்த ஏற்ற இறக்கத்தில் குமிழிகள் மேலே வந்து உடைந்துவிடும். இல்லாவிட்டால் அவை பம்ப் வழியாக மீன்தொட்டிக்குப் போய், தண்ணீர் முழுக்கக் கோலிசோடாவை உடைத்து ஊற்றியதுபோல் இருக்கும். இடம் இருந்தால் நடுவில் கடற்பாசி வளர்க்க ஓர் அறை விடலாம். சிக்கெடுக்காத தலைமுடிபோல் வளரும் கீட்டோ என்ற பாசி, தண்ணீரில் சேரும் நைட்ரேட்டைத் தின்றுவிடும். அதற்கு ராத்திரியில் விளக்குப் போடுவது வழக்கம். முதல் வருடத்திலேயே அது வேண்டும் என்பதில்லை.

கடைசி அறை, ரிட்டர்ன் பம்ப் இருக்கும் இடம். புதியவர்கள் இதைத்தான் ஒடுக்கமாக விடுவார்கள். தண்ணீர் ஆவியாகிக் குறைவது முழுவதும் இந்த ஓர் அறையில்தான் தெரியும். மேல்தொட்டி மட்டம் விளிம்பால் நிற்கிறது, மற்ற அறைகள் தடுப்புகளால் நிற்கின்றன, குறைய வேறு இடமில்லை. நம் சீமையில் இது சின்ன விஷயமும் இல்லை. சித்திரை, வைகாசி வெயிலுக்குத் தொட்டி 30 டிகிரியைத் தாண்டும். கடல் உயிர்களுக்கு 25 முதல் 27 வரை நல்லது. அதனால் சம்புக்கு மேலே ஒரு சின்ன ஃபேன் வைத்து ஆவியாக்கிக் குளிரவைப்போம். மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல்தான், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனி, ஆடியில் மேல்காற்று வேறு. தென்காசி, குற்றாலம் பக்கம் சாரலாக இறங்கும் அதே காற்று, நெல்லைக்கு வரும்போது காய்ந்து வரும். அந்த நாட்களில் என் தொட்டியில் ஒரு நாளைக்கு 4 லிட்டர் வரை போகிறது.

25-க்கு 38 சென்டிமீட்டர் அறை என்றால் ஒரு லிட்டருக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் இறங்கும். 20 சென்டிமீட்டர் தண்ணீர் நின்று, பம்ப் முங்க 8 சென்டிமீட்டர் வேண்டுமென்றால், கைவசம் 12. அதாவது 3 நாள். குலதெய்வக் கோயில் கொடைக்கு 3 நாள் போய்விட்டு வந்தால் பம்ப் காற்றை உறிஞ்சிக் கத்திக்கொண்டிருக்கும். இதே அறை 12 சென்டிமீட்டர் நீளம்தான் என்றால் ஒன்றரை நாள்கூடத் தாங்காது.

ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். அதனால் குறைந்ததை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும், உப்புத்தண்ணீரால் அல்ல. போர்த்தண்ணீர் வேண்டவே வேண்டாம். ஆர்ஓ தண்ணீர் எடுங்கள். குடிக்கும் கேன் தண்ணீரில் ருசிக்காகத் தாது சேர்த்திருக்கலாம், தண்ணீரில் கரைந்திருக்கும் தாதுவை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை ஒருமுறை முக்கிப் பார்த்துவிடுவது நல்லது. எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ரொம்ப நல்லது. மிதவை சுவிட்ச் வைத்துத் தானாக நிரப்பும் கருவி கிடைக்கிறது. அதன் மிதவை என்றாவது சிக்கிக்கொள்ளும் என்று நினைத்தே வையுங்கள். 20 லிட்டர் கேனோடு இணைத்திருந்தால் மோசமான நாளில் அந்த 20 லிட்டர்தான் உள்ளே போகும், 300 லிட்டரில் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கிலிருந்து 33-க்குப் பக்கம் இறங்கும். மீன் பிழைத்துக்கொள்ளும். மாடித் தொட்டிக் குழாயோடு நேராக இணைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹீட்டர் அறை? வெளிநாட்டு வரைபடங்களில் கட்டாயம் இருக்கும். நம் மார்கழிக்கு அது தேவைப்பட்டதை நான் பார்த்ததில்லை.

பம்ப் வாங்கும்போது பெட்டியில் ‘மணிக்கு 2000 லிட்டர்’ என்று போட்டிருப்பது தரையோடு தரையாகத் தள்ளும் அளவு. தோட்டத்தில் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஹெட், அதாவது தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரம், என்றால் தெரியும். இங்கேயும் அதே கதை. சம்பிலிருந்து தொட்டி விளிம்புவரை ஒரு மீட்டருக்கு மேல் ஏற்ற வேண்டும், இடையில் எல்போக்கள் வேறு. பாதிகூட மேலே சேராமல் போகலாம். சம்ப் வழியாக மணிக்குத் தொட்டியளவில் நான்கு மடங்கு சுற்றினால் போதும். 243 லிட்டருக்கு ஆயிரம் லிட்டர் சொச்சம். பத்து மடங்கு வேண்டும் என்று விற்கப் பார்ப்பார்கள். மீன்களுக்கு வேண்டிய அலையோட்டத்தைத் தொட்டிக்குள் வைக்கும் வேவ்மேக்கர் பார்த்துக்கொள்ளும், அதற்குச் சம்ப் பம்பைப் பெரிதாக்க வேண்டியதில்லை. கையில் காசிருந்தால் வேகத்தைக் கூட்டிக்குறைக்கும் டிசி பம்ப். சத்தம் கம்மி.

இறங்குகுழாய்க்குத் தொட்டியில் ஓட்டை போட வேண்டும். புதுத்தொட்டி செய்யக் கொடுக்கிறீர்கள் என்றால் ஒட்டுவதற்கு முன்பே கண்ணாடிக்கடையில் போடச் சொல்லிவிடுங்கள். டஃபன் செய்த, அதாவது சூடாக்கிக் கடினமாக்கிய, கண்ணாடியில் டிரில் வைத்தால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். சாதாரணக் கண்ணாடிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டையில்லாத பழைய தொட்டிக்கு, விளிம்பில் தொங்கவிட்டு யூ வடிவக் குழாயால் தண்ணீர் எடுக்கும் பெட்டி கிடைக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கரண்ட் போய் வரும்போது அந்தக் குழாயில் காற்று புகுந்து சைஃபன் அறுந்திருந்தால், பம்ப் மட்டும் ஏற்றிக்கொண்டே இருக்கும், இறங்க வழி இருக்காது.

ஒரு குழாய்க்கு இரண்டாகப் போடுங்கள். முதல் குழாய் முழுக்கத் தண்ணீர் நிரம்பிச் சத்தமில்லாமல் இறங்கும்படி வால்வால் திருகி வைப்பது. இரண்டாவதன் வாய் சற்று உயரத்தில் இருக்கும், முதலாவது அடைபட்டால் அது பார்த்துக்கொள்ளும். ஒரே குழாய் என்றால் ராத்திரி முழுக்கக் களக்களவென்று சத்தம் கேட்கும். சம்பில் இறங்கும் முனை தண்ணீருக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் முங்கட்டும். அதிகம் முங்கினால் உள்ளே நிற்கும் காற்று வெளியேறத் திணறும்.

சாமான்கள் நம் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும்: பிவிசி பைப், டேங்க் நிப்பிள், எல்போ, யூனியன். பம்ப் பக்கத்தில், திருகிக் கழற்றி மாட்டக்கூடிய இணைப்பான யூனியன் ஒன்று போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பம்பைக் கழுவ ஒவ்வொரு முறையும் பைப்பை அறுக்க வேண்டிவரும். எச்சரிக்கை ஒன்று. கேட் வால்வு கேட்டால் கடைக்காரர் பித்தளையில்தான் எடுத்து நீட்டுவார், வீட்டு வேலைக்கு அதுதான் உசத்தி. உப்புத்தண்ணீரில் பித்தளையிலிருந்து செம்பு கரையும். செம்பு இறால், நத்தை, பவளம் எல்லாவற்றுக்கும் விஷம். பிளாஸ்டிக் கேட் வால்வு நம்மூரில் கிடைக்காவிட்டால் பிவிசி பால் வால்வு போதும். கேட் வால்வுதான் வேண்டுமென்றால், சென்னையில் மீன்கடைகள் இருக்கும் கொளத்தூர் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி வாங்கிவரச் செய்யலாம். ஓஸைப் பிடிக்கும் இரும்பு கிளிப்பும் வேண்டாம், துருப்பிடித்துவிடும்.

ஸ்டாண்டுக்கு பிளைவுட் கூடாது. சம்பிலிருந்து ஏறும் ஈரத்தில் ஒரு வருடத்தில் அப்பளம்போல் உப்பிவிடும். தண்ணீர், பாறை, கண்ணாடி எல்லாம் சேர்த்து 400 கிலோவைத் தாங்க வேண்டும். செங்கல் கட்டி மேலே கடப்பாக்கல் போட்டவர்களின் ஸ்டாண்டை நான் மிகவும் மதிக்கிறேன். பார்க்கக் கொஞ்சம் அடுப்படிபோல் இருக்கும், அவ்வளவுதான். சுவிட்ச் போர்டு சம்ப் மட்டத்துக்கு மேலே, பக்கவாட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு வரும் முன் ஒரு தொங்கல் போட்டு வரட்டும், வயரில் வழியும் துளி பிளக்கில் ஏறாமல் கீழே சொட்டிவிடும். தொட்டிக்குப் போகும் லைனில், கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் கட்டாயம். உப்புத்தண்ணீரும் கரண்டும் கையும் ஒரே இடத்தில் புழங்குகின்றன.

இன்வெர்ட்டர் இருக்கும் வீடு என்றால் சம்ப் பம்பை அதில் கொடுக்க வேண்டியதில்லை. வேவ்மேக்கர் ஒன்றை மட்டும் கொடுங்கள், தண்ணீர் அசைந்தாலே மீனுக்கு மூச்சு கிடைத்துவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் பல மணிநேரம் கரண்ட் நிற்கும் நாளில் இதன் அருமை தெரியும். கரண்ட் திரும்பும்போது சம்பில் மட்டம் உயர்ந்திருக்கும், ஸ்கிம்மர் கொஞ்ச நேரம் பொங்கும். கப்பில் ஒரு டியூப் மாட்டி வாளிக்குள் விட்டுவைத்தால் பிரச்சினை இல்லை.

பாறை வாங்கும்போது கடலில் எடுத்தது என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். பவளத்தையோ பவளப்பாறையையோ மன்னார் வளைகுடாவிலிருந்து எடுப்பது வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2001 முதல் கடும்பவளங்கள் புலிக்கு உள்ள அதே முதல் அட்டவணையில் இருக்கின்றன. செயற்கைப் பாறையே போதும்.

எல்லாம் மாட்டியாயிற்றா? உப்பை இன்னும் தொடாதீர்கள். சாதாரணக் குழாய்த் தண்ணீரை நிரப்பி ஓடவிடுங்கள். சம்பில் தண்ணீர் நிற்கும் இடத்தில் வெளிக்கண்ணாடியில் மார்க்கரால் கறுப்பில் ஒரு கோடு. பிறகு பம்ப் சுவிட்சை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். மட்டம் ஏறி நின்ற இடத்தில் சிவப்பில் இன்னொரு கோடு. அது சம்பின் மேல்விளிம்புக்கு ஐந்து சென்டிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் குழாய் வாயை உயர்த்துங்கள், அல்லது தண்ணீரைக் குறையுங்கள். அடுத்து எதிர்ப்பரீட்சை: பம்ப் ஓடும்போதே முதல் இறங்குகுழாயைத் துணியால் அடையுங்கள். இரண்டாவது குழாய் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு அதையும் அடையுங்கள். கடைசி அறைத் தண்ணீர் தீரும்வரை பம்ப் மேலே ஏற்றும். அத்தனையும் ஏறியும் மேல்தொட்டி வழியாமல் நின்றால் தேறிவிட்டீர்கள். வழிகிற மாதிரி இருந்தால் உடனே நிறுத்தி, தடுப்பின் விளிம்பைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். இந்த இரண்டு பரீட்சையையும் பலமுறை செய்து, இரண்டு நாள் கசிவு பார்த்து, தண்ணீரை வெளியேற்றிவிடுங்கள்.

இனி ஆர்ஓ தண்ணீரும் உப்பும். தூத்துக்குடி உப்பளம் பக்கத்திலேயே இருக்கிறதே என்று மூட்டை உப்பு வாங்கிவிடாதீர்கள். பாத்தியில் உப்பு விளையும்போது கால்சியம் முன்னாலேயே படிந்துவிடுகிறது, மக்னீசியம் கடைசியில் வடிக்கும் கசப்புநீரோடு போய்விடுகிறது. மிஞ்சுவது சமையலுக்கு நல்லது, மீனுக்குப் போதாது. மீன்தொட்டிக்கென்று விற்கும் உப்புக்கலவையே வேண்டும். 300 லிட்டருக்குச் சுமார் 11 கிலோ. வாளியில் கரைத்து, அடர்த்தி மானியில் 1.025 வந்ததும் ஊற்றுங்கள். கறுப்புக் கோடு வரை.